பத்து வருஷப் பராமரிப்பு

டிரைவிங் ஸ்கூல்காரரின் வலது கால் முழங்கால் வரைக்கும் பலகைக்குள் இறங்கியபோது அவர் கையில் சூடான காபி இருந்தது. மாடியில் போட்டு இரண்டு மழைக்காலம்கூட முழுசாகப் பார்க்காத மரத்தளம். மேலே பலகையெல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த அடிச்சட்டம் தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி ஆகியிருந்தது. கணுக்கால் முறிந்து, காபி கொட்டி, வந்திருந்த விருந்தாளிகள் அலறி, அந்த வீடு அன்று ஒரு வழியாகிவிட்டது.

மறுநாள் தளம் போட்டவர்களை வரச்சொன்னார்கள். மரக்கடை அண்ணன், அவனுடைய தங்கை, கடை லாரியை ஓட்டும் தங்கையின் கணவன், இரண்டு தச்சர்கள். ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். அப்பா விட்டுப்போன மரக்கடையை அண்ணன் நடத்தினான். மரம் வாங்குவது, விற்பது, கல்லாவில் உட்காருவது அவன் வேலை. வீடு வீடாகப் போய் அளவெடுப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது, தச்சர்களை வேலை வாங்குவது தங்கையின் வேலை. அவளைத் தொழிலில் எல்லாரும் அளவுக்காரி என்றே கூப்பிட்டார்கள். டேப்பை இழுத்துப் பிடித்தால் அவள் சொன்னதுதான் அளவு.

கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு டிரைவிங் ஸ்கூல்காரர் கேட்டார். "கீழ போட்ட கட்டைய யாருய்யா எடுத்தது?"

அண்ணன் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "இவதான் சார். என் தங்கச்சி. மிச்சம் பிடிக்கிறேன்னு மருந்தேத்தாத கட்டைய எடுத்துப் போட்டுட்டா. எனக்கே நேத்துதான் தெரியும். பொம்பளைய நம்பி விட்டேன் பாருங்க, அது என் தப்பு."

அந்தச் சட்டங்கள் லாரியில் வந்து இறங்கிய அன்றே அவள் முகர்ந்து பார்த்துச் சொல்லியிருந்தாள். "அண்ணா, இது மருந்தேத்தினதில்ல. மழை படுற இடத்துக்கு ஆகாது." அதற்கு அவன், "கீழ கிடக்கிறது யார் கண்ணுக்குத் தெரியப் போவுது? போட்டு மூடு" என்றான். தச்சர்களுக்கும் அது தெரியும். அவர்கள் இப்போது தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு பேர் நடுவில் கூடப்பிறந்தவனைப் பொய்யன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. வெளியே வந்ததும் ஒரு வார்த்தை சொல்வான், 'வேற வழி தெரியல, மன்னிச்சிரு' என்பான் என்று நினைத்தாள்.

வண்டியில் ஏறியதும் அவன் சொன்னது வேறு. "கொஞ்ச நாளைக்குக் கடைப்பக்கம் வராதே. உன்னால பேரு கெட்டுப்போச்சு பாரு."

அவன் சொன்ன பொய்யை இதற்குள் அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நாளில் அவள் கணவனையும் லாரியிலிருந்து இறக்கிவிட்டான். "மாப்ள, உங்களுக்கும் இங்க சங்கடமா இருக்கும்ல" என்று தோளில் கைபோட்டுத்தான் அனுப்பினான்.

டிரைவிங் ஸ்கூல்காரர் மோசமான மனிதர் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. நொண்டிக்கொண்டே வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கிளட்ச் மிதிக்கப் பழகுகிற ஒவ்வொருவரிடமும் தன் கால் கதையைச் சொன்னார். ஊரில் பாதிப்பேர் அவரிடம்தான் வண்டி பழகினார்கள். அளவுக்காரியை அளவெடுக்கக் கூப்பிட ஆளில்லாமல் போனது. கடைத்தெருவில் தெரிந்த முகங்கள் அவளைக் கண்டதும் சட்டென்று எதையோ விலை கேட்கத் திரும்பிக்கொண்டன.

அவளுக்கு வேலை கொடுத்தது ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கி அச்சில் வார்த்த பலகைகளை விற்க வந்திருந்தார். காம்போசிட் என்று பெயர். அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் அதை விற்றார். பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. அவள் முதல் நாளே தெரியப்படுத்தினாள். முதலாளி காதில் வாங்கிக்கொண்டு, "டேப் பிடிக்கத் தெரியுமில்ல? அது போதும்மா" என்றார்.

அவள் கறுவிக்கொண்டே அந்தத் தொழிலைக் கற்றாள். பலகையை வெயிலில் போட்டு வெறுங்காலோடு நின்று பார்த்தாள், சுட்டது. மரம் அவ்வளவு சுடாது. ஆணியால் கீறிப் பார்த்தாள். மரத்தில் விழுந்த கீறலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம், இதில் அது அப்படியே நிற்கும். அடிச்சட்டங்களை நெருக்கமாக வைக்காவிட்டால் பலகை தொய்ந்தது. விலையோ மரத்தைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. ஆனால் ஒருதரம் போட்டுவிட்டால் வாளித் தண்ணீரும் துடைப்பமும் போதும். எண்ணெய் கேட்காது, உளுக்காது, காலில் சிலாம்பு ஏறாது. மரம் முதல் நாள் மலிவு. அதன்பிறகு வருஷா வருஷம் தீனி கேட்கும். இந்தக் கணக்கை அவள் தலைகீழாகச் சொல்வாள். அண்ணனுக்கு அது தெரியாது. அவன் தளம் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத ஆள். பராமரிப்பு என்பது வாடிக்கையாளரின் தலைவலி என்றே பழகியவன்.

சில வருஷங்கள் போயின. ஏரிக்கரையில் இருந்த படகுக் கிளப்பில் பழைய சிமெண்ட் தரையை உடைத்துவிட்டு, தண்ணீரை ஒட்டி ஒரு பெரிய தளம் போட முடிவு செய்தார்கள். இரண்டு பேரிடம் விலை கேட்டார்கள். மரத்துக்கு அண்ணன். காம்போசிட்டுக்கு அவள்.

இடம் பார்க்கப் போன அன்று இருவரும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். அவள் மண்டிபோட்டுக் கரையோரம் டேப்பை நீட்டிக்கொண்டிருந்தாள். மரநிழல் அடர்ந்த இடம். வெயில் எட்டிப்பார்க்காது. அடியில் எப்போதும் ஈரம். படகைத் தூக்கி வருகிறவர்கள் சொட்டச் சொட்ட நடப்பார்கள், சிலர் படகைத் தரையில் தேய்த்து இழுப்பார்கள். பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது மரத்தைத் தின்கிற இடம்.

பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. "என்ன, பிளாஸ்டிக் வியாபாரமா? அப்பா இருந்திருந்தா இதப் பாத்து ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்."

"நல்லா இருக்கியா அண்ணா?" என்றாள் எழுந்திருக்காமலே.

"எனக்கென்ன குறை. நீ பேசாம விலைய சொல்லிட்டுக் கிளம்பு. இது எனக்குன்னு முடிவான வேலை. பாதிக் கமிட்டி எனக்குப் பழக்கம்."

"சரி அண்ணா."

அந்த 'சரி'யைச் சொல்லும்போதே அவள் மனதில் திட்டம் உருவாகிவிட்டது. அந்த வேலையை அவனிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. அவன் தலையிலேயே கட்டிவிட வேண்டும்.

கிளப்பின் செயலாளர் ஒரு பல் டாக்டர். ஐம்பதை நெருங்கும் பெண்மணி, தினமும் காலையில் தனியாகப் படகு வலிக்கிறவர். கமிட்டிக் கூட்டத்தில் அவர்தான் நடுவில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் முதலில் பேசினான். மரத்தின் வாசனை, மரத்தின் அழகு, காலுக்குக் குளிர்ச்சி. விலையைச் சொன்னதும் கமிட்டியில் நாலைந்து தலைகள் திருப்தியாக ஆடின. பிறகு அவள் தன் விலையைச் சொன்னாள். ஒருவர் விசிலடிக்காத குறை.

"ஏம்மா, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சொல்றீங்களே!" என்றார் பல் டாக்டர்.

"ஆமாங்க டாக்டர். இன்னைக்கு மட்டும் பாத்தா மரம்தான் மலிவு. நான் மறைக்கல. வெயில்ல எங்க பலகை சுடும், அதையும் சொல்லிடறேன். ஆனா இந்த இடத்துல மரம் போட்டா வருஷத்துக்கு ரெண்டு தடவ எண்ணெய் பூசணும். அதுக்கு முன்னாடி பாசிய சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். மூணாவது வருஷத்துலேர்ந்து பலகை மாத்த வேண்டி வரும். அந்தச் செலவையும் சேர்த்தா ஆறு, ஏழு வருஷத்துல ரெண்டும் ஒண்ணாயிடும். பத்து வருஷத்துல மரம் எங்கள விட அதிகமாயிடும். அதனால, போடற விலைய மட்டும் கேக்காதீங்க. பத்து வருஷப் பராமரிப்போட சேர்த்து ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க. நான் சொன்ன விலைதான் என்னோட பத்து வருஷ விலை."

கமிட்டி இப்போது அண்ணனைப் பார்த்தது.

அவள் அவன் பக்கம் திரும்பிக் கனிவாகச் சொன்னாள். "அண்ணா, இது ஈரமான இடம். நல்லா யோசிச்சு சொல்லு. கட்டுப்படி ஆகாது."

அவள் சொன்னது முழுக்க உண்மை. தங்கை சொல்லி, தான் யோசிப்பதா என்று அவன் முகம் சிவக்கும் என்பது அவளுக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து பார்த்த முகம் அது.

"எனக்கு நீ சொல்லித் தர்றியா?" என்று அவன் எழுந்தான். "டாக்டர், நான் சொன்ன விலையில ஒரு பைசா ஏறாது. பத்து வருஷம் எண்ணெய், தேய்ப்பு, பலகை மாத்தறது எல்லாம் என் பொறுப்பு. சும்மா செஞ்சு தர்றேன். போதுமா?"

"நடுவுல விட்டுட்டுப் போனீங்கன்னா?" என்றார் பல் டாக்டர்.

"போனா உங்களுக்குப் புதுத் தளம் போட்டுத் தர்றேன். எழுதிக்கோங்க."

"வருஷா வருஷம் வெளியாள் ஒருத்தர் வந்து சோதிச்சா நல்லதுங்க டாக்டர்" என்றாள் அவள் மெதுவாக.

"யார் வேணா வரட்டும்!" அண்ணன் சிரித்தான். "இவளே வந்து பாக்கட்டும். இவ கண்ணுல குத்தம் படாம செஞ்சு காட்டறேன்."

பல் டாக்டர் அதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே போகும்போது அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

முதலாளிக்கு வருத்தம்தான். "கைக்கு வந்த வேலைய நீயே வாயால கெடுத்துட்டியேம்மா" என்றார்.

"வரும் சார். கொஞ்சம் லேட்டா வரும்."

அன்று சாயங்காலம் கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் இப்போது வாடகைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். துவைத்த சட்டைகளை மடித்தபடியே கேட்டவன், நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "மச்சான் ஆழம் தெரியாம காலை விட்டுட்டார்ங்கிற?"

"நான் எச்சரிக்கை பண்ணேங்க. எல்லாரும் சாட்சி."

"அடிப்பாவி!" என்று அவன் சிரித்துவிட்டான்.

தளம் அழகாகத்தான் அமைந்தது. திறப்பு அன்று அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நடுவில் நின்றான். முதல் வருஷம் ஆட்களை அனுப்பி எண்ணெய் பூசினான். அவள் ஒரு குத்தூசியோடு வந்து, பலகையின் இடுக்கிலும் அடிச்சட்டத்திலும் குத்திக் குத்திப் பார்த்தாள். எல்லாம் கெட்டி. "நல்லா இருக்கு டாக்டர்" என்றாள். பொய்யாக ஒரு குற்றம் கண்டுபிடிக்க அவளுக்கு அவசியமில்லை. மழையும் பாசியும் அவள் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தன.

இரண்டாம் வருஷம் பாசியில் வழுக்கி ஒரு மாணவன் படகோடு விழுந்தான். பல் டாக்டர் போன் செய்தார். அண்ணன் ஆள் அனுப்பினான். அடுத்த மாதம் மறுபடி போன். காசு வராத வேலைக்கு ஆட்களை அனுப்பினால் காசு வருகிற வேலை நின்றது. தச்சர்கள் முனகினார்கள். ஒருவன் நின்றுவிட்டான். எண்ணெய் விலை ஏறியது. அந்த வருஷக் கடைசியில் அவள் சோதனைக்குப் போனபோது, அண்ணனே முட்டியில் துணியைக் கட்டிக்கொண்டு, தவழ்ந்து தவழ்ந்து பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். உப்புத்தாள் தூள் புருவத்தில் படிந்திருந்தது.

அவள் கரையோர பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தாள். ஒவ்வொரு மடக்காகக் குடித்தாள். அவ்வளவு ருசியான டீயை அவள் குடித்ததில்லை.

"வேடிக்கை பாக்க வந்தியா?" என்றான் தலையைத் தூக்காமல்.

"நீதானே கூப்பிட்ட அண்ணா. கமிட்டி முன்னாடி."

மூன்றாம் வருஷம் பலகைகள் விரிய ஆரம்பித்தன. மாற்ற வேண்டியவை நிறைய இருந்தன. அவன் பழைய புத்தியைக் காட்டினான். மேலே நல்ல பலகை போட்டு, கீழே இரண்டு சட்டங்களுக்கு மட்டும் மருந்தேற்றாத மரத்தை வைத்து மூடினான். மழைக்காலம் முடிந்து சோதனைக்கு வந்தபோது, அவள் படுத்துக் கையை அடியில் விட்டுக் குத்தினாள். ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. ஊசியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"டாக்டர், நீங்களே கொஞ்சம் குனிஞ்சு அத இழுத்துப் பாருங்க."

பல் டாக்டர் ஈரத் தரையில் மண்டியிட்டு இரண்டு விரலால் இழுத்தார். சொத்தைப் பல்லைப் பார்க்கிற முகத்தோடு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "இது என்னங்க?"

பழியைத் தங்கைமேல் போட அன்று அண்ணனுக்கு வழியில்லை. அவன் கண் ஒரு நொடி கூட வந்திருந்த தச்சர்கள் பக்கம் போனதை அவள் கவனித்தாள். மூத்த தச்சர் இந்த முறை செருப்பைப் பார்க்கவில்லை, அவனை நேராகப் பார்த்தார்.

"மாத்திடறேன்" என்றான்.

"எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கணும்" என்றார் பல் டாக்டர். "இனிமே உங்க வார்த்தைய நம்ப முடியாது."

அந்த வாரம் அவன் கடையில் உட்கார்ந்து, இன்னும் ஏழு வருஷத்துக்கு ஆகிற கூலி, எண்ணெய், பலகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவள் கமிட்டியில் சொன்ன அதே கணக்குக்குத் தானாகவே வந்து சேர்ந்திருக்கிறான். நடுவில் விட்டால் ஒப்பந்தப்படி புதுத் தளம் போட்டாக வேண்டும். வருஷா வருஷம் அந்தத் தளத்துக்குத் தீனி போடுவதைவிட, ஒரேயடியாகப் பிரித்து காம்போசிட் போட்டுவிடுவது அவனுக்கு மலிவு. பலகை விற்பது ஒரே ஓர் இடத்தில்.

அவன் கடைக்குள் வந்தபோது அவள் வேறொரு தம்பதிக்கு நிறங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அவர்கள் சாம்பலா பழுப்பா என்று தீராமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அவசரப்படுத்தவில்லை. அண்ணன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றான். அவர்கள் போனதும் அவனைப் பார்த்து, "சொல்லுங்க" என்றாள், தெரியாத ஆளிடம் சொல்வதுபோல.

"கிளப்புக்குப் பலகை வேணும். விலை போட்டுக் குடு. கூடப்பிறந்தவன்னு கொஞ்சம் பாத்து..."

"ஒரே விலைதான். குறைக்கிற பழக்கமில்ல."

"சரி. அதே விலைக்கே குடு."

"அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்டுக்கு என்னோட வா. அன்னைக்கு அந்தக் கட்டைய யார் வாங்கினதுன்னு அவர்கிட்ட சொல்லு. அப்புறம் பலகை ஏத்தலாம்."

அவன் முதலாளியின் அறையைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "சார், வியாபாரம் பண்றீங்களா, குடும்பச் சண்டை போடறீங்களா?"

முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "விற்பனை எல்லாம் அவங்க முடிவுதாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அது பழைய கதை. விட மாட்டியா?" அண்ணனின் குரல் இறங்கியது. "அன்னைக்கு நான் ஒத்துக்கிட்டிருந்தா கடையே போயிருக்கும். உனக்கென்ன, பொம்பள, வீட்டுல இருப்பேன்னு நெனச்சேன்."

இவ்வளவு வருஷத்தில் அவன் அதைப்பற்றிப் பேசியதே அப்போதுதான். அவள் மேசைக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

"நெனச்ச இல்ல? அதையும் சேர்த்து அவர்கிட்ட சொல்லு."

டிரைவிங் ஸ்கூல்காரர் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். கால் இன்னும் லேசாக இழுத்தது. அவளைக் கண்டதும் வழக்கம்போல முகத்தைத் திருப்பப் போனவர், பின்னால் அண்ணனையும் பார்த்து ஹோஸை கீழே போட்டார். அண்ணன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். பிறகு சொன்னான். மருந்தேற்றாத கட்டையை வாங்கியது தான் என்று. தங்கை வேண்டாம் என்று சொல்லியும் போடவைத்தது தான் என்று. பழியை அவள்மேல் போட்டது கடையைக் காப்பாற்ற என்று. தண்ணீர் அவன் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

டிரைவிங் ஸ்கூல்காரர் அவனைத் திட்டவில்லை. அவளைத்தான் பார்த்தார். "ஏம்மா, அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? ஊர் பூரா உன்ன நாறடிச்சேனேம்மா."

"அண்ணனாச்சேன்னு இருந்துட்டேன் சார்."

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ போய்யா. உன்கிட்ட எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு வாய் நீளம், அது உனக்குத் தெரியுமில்ல?"

மறுநாள் காலையிலிருந்தே அவர் ஆரம்பித்துவிட்டார். ரிவர்ஸ் எடுக்கத் திணறியவர்கள், சிக்னலில் வண்டியை அணைத்தவர்கள், லைசென்ஸ் வாங்கப்போகிறவர்கள் எல்லாரும் திருத்திய கதையைக் கேட்டார்கள். மரக்கடைக்கு வந்துகொண்டிருந்த வீட்டு வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. மூத்த தச்சர் அவளிடம் வந்து வேலை கேட்டார். சேர்த்துக்கொண்டாள், ஆனால் மூன்று நாள் அலையவிட்ட பிறகுதான்.

கிளப்பின் தளத்தை அண்ணன் சொந்தச் செலவில் பிரித்து, காம்போசிட் போட்டான். பலகை ஏற்றுகிற அன்று அவள் கடை வாசலில் நின்று, "சட்டத்த நெருக்கி வை. அகட்டி வெச்சா தொஞ்சிடும்" என்று தொழில்முறையாகச் சொன்னாள். அவன் தலையாட்டினான். பிறகு, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணி உன்ன வீட்டுக்கு வரச்சொன்னா. இப்பவாவது வருவியா?" என்றான். முகம் சுருங்கியிருந்தது.

"அண்ணிய நான் வெளியில பாத்துப் பேசிக்கிறேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன்."

"அதான் எல்லாம் சொல்லிட்டேனே."

"நான் சொல்லச்சொன்னதால சொன்ன. பலகை வேணும்னு சொன்ன." அவள் ரசீதைக் கிழித்து நீட்டினாள். "வண்டிய எடு, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

ஒரு மாதம் கழித்து, வேனில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தபோது கணவன் கேட்டான். "மனசு ஆறிடுச்சா?"

அவள் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். இதெல்லாம் முடிந்ததும் ஒரு வெறுமை வரும், ஐயோ பாவம் என்று தோன்றும், அவன் முட்டியில் துணி கட்டித் தவழ்ந்தது கண்ணில் வந்து உறுத்தும் என்று அவளும் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். தவழ்ந்தது கண்ணில் வந்தது. உறுத்தவில்லை.

"ஆறிடுச்சுங்க" என்றாள். "ஆனா அவன் இன்னொரு வருஷம் தேய்ச்சிருக்கலாம்."

கணவன் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த வீட்டுக்கு அளவெடுக்கப் போக நேரமாகிக்கொண்டிருந்தது.